வெற்றிலையில் இல்லாத சிவப்பு

கவின் கண்ணு,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். இசைத் தாளின் ஐந்து கோட்டில் கறுப்புப் புள்ளிகளாக எதை நீட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் கையும் காலும் ஓட வாசித்துவிடுகிற நீ, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'ழ'வைக் கண்டால் மட்டும் பாத்ரூம் போக வேண்டும் என்று கை தூக்கியவன். இந்தக் கடிதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதினால் காபி ஆறுவதற்குள் மேய்ந்து முடித்து, 'ஓகே மா' என்று ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய். தமிழில் எழுதினால் நிதானமாகத்தான் படித்தாக வேண்டும். நடுவில் ஏதாவது வார்த்தை புரியாவிட்டால் என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். இரண்டுமே எனக்கு வேண்டியவைதான். ஏனென்றால் போன செவ்வாய்க்கிழமை போனை வைத்தவன் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில், காப்பெல் ஊரில் நீ வாசிக்கிற தேவாலயத்தில், கூரையைத் தொடுகிற குழாய்களோடு புது ஆர்கன் வைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதன் முதல் கச்சேரி. அதற்கென்று நீயே சொந்தமாக ஒன்று எழுதினாய். ஒரு வருடமாக எழுதினாய். உன் பிறந்த நாளுக்குக் கூப்பிட்டபோதுகூட ஒரு காதை அதில்தான் வைத்திருந்தாய். ஒத்திகையைக் கேட்க வந்த ஒரு பேராசிரியர் உன் தோளைத் தட்டி, நன்றாகக் கட்டியிருக்கிறாய், ஆனால் டெரிவேட்டிவ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நிமிடமே நீ எனக்குப் போன் பண்ணினாய். நான் உன்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஹி செட் இட்ஸ் டெரிவேட்டிவ்."

"ஓ, வெரி குட் கண்ணு. கங்கிராட்ஸ்."

"அம்மா, தட்ஸ் நாட் எ காம்ப்ளிமென்ட்."

"ஏன் கண்ணு, டெரிவேட்டிவ்னா நல்லதுதான?"

"ஃபர்கெட் இட்."

அவ்வளவுதான் நம் பேச்சு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உன் அப்பா மூலமாகத்தான் தெரியும். உன் படைப்பை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் நம் பாக்குத் தாத்தாவினுடையதை, அந்தப் பழைய ஜெர்மன் மேதையினுடையதை, வாசிக்கப் போகிறாயாம். இனிமேல் எதுவும் எழுதப் போவதில்லையாம். எழுதியதில் உன்னுடையது என்று ஒரு சுரம்கூட இல்லையாம். அப்பா அந்த மெசேஜை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்புள்ள, ஒரு வருசம் எழுதுனவன் ஒரு வார்த்தைக்கா நிறுத்துவான்?" என்று கேட்டார். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது, அதைத் துடைத்தேன்.

கண்ணு, நான் உன்னைக் கிண்டல் பண்ணவில்லை. வேலைக்காலம் முழுவதையும் மருந்துக் கம்பெனி லேபில் கழித்தவள் நான். எங்கள் பாஷையில் டெரிவேட்டிவ் என்பது வசைச்சொல் இல்லை. விலோ மரப்பட்டையிலிருந்து வழிவழியாக வந்த ஓர் அமிலம் உண்டு. வலியைப் போக்கும், கூடவே வயிற்றையும் புண்ணாக்கும். யாரோ ஒருவர் அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு தொகுதியைச் சேர்த்தார். உன் அப்பா தினமும் காலையில் இதயத்துக்கென்று விழுங்குகிறாரே, அந்தச் சின்ன மாத்திரை வந்தது. அது டெரிவேட்டிவ்தான். மருந்துக் கடையில் பாதி அலமாரி டெரிவேட்டிவ்தான். புதிதாக ஒரு டெரிவேட்டிவ் உருவாகிச் சோதனையில் தேறிவிட்டால் எங்கள் லேபில் கேக் வெட்டுவார்கள். அது எதிலிருந்து பிறந்ததோ அந்த மூலப்பொருளுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் பேரண்ட். அதனால் உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும், ஒரு பேரண்டாக எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இசைக்காரர்கள் அதே வார்த்தையை, 'சொந்தச் சரக்கு இல்லை, அடுத்தவரைப் பார்த்து எழுதியது' என்ற அர்த்தத்தில் வைத்து ஆளைக் குத்துவார்கள் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் நான் சொன்னது தப்பில்லை என்று எனக்கு அடிமனதில் ஒரு பிடிவாதம். இந்த ஒரு வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ரிட்டையர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தேன், நீ முன்பே அனுப்பியிருந்த ஒலிப்பதிவைக் காரில் போட்டுக்கொண்டு ரூட் ஒன்று நெடுஞ்சாலையில் காரணமில்லாமல் போய்வந்தேன். யோசிக்க யோசிக்க எனக்கு மலைப்புதான் கூடியது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் இருந்து வருகிறேன். நீ ஆர்கன் வாசிக்க வந்ததே நாங்கள் செய்த தப்பால். அப்போது நம் ஊர் மான்மவுத் ஜங்ஷனில் மாதம் ஒரு வீட்டில் பஜனை. நம் முறை வருவதற்குள் ஆர்மோனியம் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு வேகம். 'ஆர்கன், இலவசம், வந்து எடுத்துக்கொள்ளவும்' என்று ஒரு விளம்பரம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான் புள்ள, ஆர்மோனியத்த இங்க ஆர்கன்னு சொல்றாங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டு, கார் டிக்கியில் விரிக்க ஒரு பெட்ஷீட்டோடு கிளம்பினார். திரும்பி வந்தது வாடகை டிரக்கில், தூக்குவதற்கு நான்கு நண்பர்களோடு. மூடப்போகிற ஒரு சின்னத் தேவாலயத்தின் பழைய ஆர்கன் அது. வீட்டுக்குள் எந்தக் கதவிலும் நுழையவில்லை. கராஜில் இறக்கினார்கள். அந்தக் குளிர்காலத்திலிருந்து நம் கார் பனியில்தான் தூங்குகிறது.

அதற்கு ஒரு நோயும் இருந்தது, நினைவிருக்கிறதா? சுவிட்சைப் போட்டதும் உள்ளே காற்று நிரம்பும். காற்று நிரம்பியதும், யாரும் தொடாமலே, அடியில் ஒரே ஒரு சுரம் 'ம்ம்ம்' என்று கிளம்பிவிடும். எதை அமுக்கினாலும் நிற்காது, சுவிட்சை அணைத்தால்தான் நிற்கும். பழுது பார்க்க வந்தவர் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். "போச்சாது விடு புள்ள, சுருதிப் பெட்டி இனாமா வந்துருச்சு" என்றார். அதிலிருந்து நம் வீட்டுப் பஜனை கராஜில்தான், அந்தச் சுரத்தில்தான். மாலதி ஆன்ட்டிக்கு அந்தச் சுருதி ஒத்துவராது. "கொஞ்சம் ஏத்தி வைங்களேன்" என்று மாதாமாதம் கேட்பாள். ஏற்ற முடியாது என்று அப்பாவும் மாதாமாதம் விளக்குவார். உனக்கு ஒன்பது வயது. எல்லோரும் சுண்டல் சாப்பிட உள்ளே போன பிறகு, நிற்காத அந்தச் சுரத்துக்கு மேலே நீ விரலை வைத்து வைத்துத் தேடிக்கொண்டிருப்பாய். எதை வாசித்தாலும் அதோடு ஒத்துப்போகிற மாதிரிதான் வாசித்தாக வேண்டும், உனக்கு வேறு வழி இல்லை. நான் அப்போது இதையெல்லாம் கவனித்ததாக நினைக்காதே. ஜாக்கெட் போடாமல் கராஜில் உட்கார்ந்திருக்கிறாயே என்று திட்டியதுதான் எனக்கு ஞாபகம்.

பிறகு பாடம் கற்றுக்கொள்ளப் போனாய். ஒரு நாள் காரில் ஏறியதும், முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜெர்மன்காரர் பெயரைச் சொல்லி, இனிமேல் அவருடைய இசைதான் படிக்கப் போகிறேன் என்றாய். என் காதில் அது 'பாக்கு' என்று விழுந்தது. "பாக்கா? அது எதுக்கு கண்ணு?" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா அதற்கு மேல். "பாக்கு சரி, வெத்தல எங்கடா?" என்றார். அன்றைக்கு நீ சிரிக்கவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு நம் வீட்டில் பாக்குத் தாத்தா என்ற பெயர் நிலைத்துவிட்டது. உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிற மேதை, அவர் என்ன நினைத்தாரோ.

சில மாதம் கழித்து நீயே வந்து சொன்னாய். "அப்பா, ஐ ஃபவுண்ட் யுவர் வெத்தல." அந்த வார்த்தையை மட்டும் தமிழில், அழுத்தி. வடக்கே ஒரு துறைமுக ஊரில் ஆர்கன் வாசித்த ஒரு முதியவரைப் பற்றிச் சொன்னாய். பாக்குத் தாத்தா தாத்தாவாகாத காலம், இருபது வயது. அந்த முதியவர் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று வேலையில் நாலு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நடந்தே போனார் என்றாய். நம் ஊரிலிருந்து கிளம்பிக் கிட்டத்தட்ட பாஸ்டன் வரைக்கும், நடந்து, ஜெர்மன் குளிரில். போனவர் நாலு மாதம் கழித்துத்தான் திரும்பினாராம். அப்பாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "நாலு மாசமா? விசா கேன்சல் ஆகியிருக்குமேடா" என்றார். நாம் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். முதியவரின் வேலைக்கு வருகிறவர் அவர் மகளையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்ததாம் என்று நீ சொன்னதும் அப்பா, "அட, அது நம்மூரு சமாச்சாரம்" என்று நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குச் சிரித்ததை இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. அந்த இருபது வயதுக்காரரைப் பார், கண்ணு. கையில் வேலை இருக்கிறது. ஏற்கெனவே அவர் ஊரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் தனக்கு ஏதோ ஒன்று போதவில்லை என்று தெரிந்து, அது இன்னொருவரிடம் இருக்கிறது என்று தெரிந்து, செருப்புத் தேய நடந்து போகிறார். போய் அதை அப்படியே அள்ளிக்கொண்டு வருகிறார். திரும்பி வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு விசாரித்தார்களாம். லீவு நாலு வாரம்தானே, இத்தனை நாள் எங்கே போனாய்? பாட்டுக்கு நடுவில் வேண்டாத சுரமெல்லாம் சேர்க்கிறாயாமே, சபையார் தடுமாறுகிறார்களாமே? அந்த வேண்டாத சுரத்தில் எத்தனை அந்த முதியவருடையதோ. அவரிடம் அன்றைக்கு யாராவது இது டெரிவேட்டிவ் என்று சொல்லியிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். அதற்காகத்தானே நடந்தேன் என்றிருப்பார்.

சுண்ணாம்பு வந்தது அதற்கு அப்புறம். வெனிஸ் நகரத்து வயலின்காரர், பாதிரியார், தலைமுடி செக்கச்செவேல் என்று இருக்குமாம். வெற்றிலையும் பாக்கும் வந்தாகிவிட்டது, சிவக்க வைக்கிற ஆள் வேண்டுமே என்று அப்பாதான் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார். பாக்குத் தாத்தா இத்தாலிக்குப் போனதே இல்லை. ஆனால் அங்கிருந்து வந்த சுவடிகளை எடுத்து, ஒரு கூட்டமே வயலினில் வாசிக்க வேண்டியதை ஒற்றை ஆள் ஆர்கனில் வாசிக்கிற மாதிரி, வரிவரியாக மாற்றி எழுதினார் என்று சொன்னாய். ஒரு எண்ணத்தை எங்கே தொடங்குவது, எங்கே போய்த் திரும்புவது என்பதையே அப்படி எழுதி எழுதித்தான் கற்றாராம். நீயும் ஆரம்பித்துவிட்டாய். நம் சாப்பாட்டு மேஜையில், ரூல் போட்ட தாளில், பென்சிலால். அப்பா பார்த்துவிட்டு, "பிரிண்டர் சும்மாதான கெடக்குது?" என்றார். "ஹி லேர்ன்ட் திஸ் வே, அப்பா" என்றாய். "பரீட்சைல இதப் பண்ணுனா வெளிய அனுப்பிருவாங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அன்று ராத்திரி உனக்கு நல்ல அழிரப்பர் ஒன்று வாங்கி வந்து வைத்ததும் அவர்தான்.

இன்னொருவர் இருக்கிறார், அவரைப் பற்றி நீ எனக்குச் சொன்னதே இல்லை. இந்த வாரம் நூலகப் புத்தகத்தில் நானாகக் கண்டுபிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பாக்குத் தாத்தாவுக்கு அறுபது வயதாகிவிட்டது. அவருக்குத் தெரியாதது இசையில் எதுவும் இல்லை. கண் மங்கத் தொடங்குகிற காலம். அப்போது, இருபத்தாறு வயதிலேயே இறந்துபோன ஓர் இத்தாலியப் பையனின் படைப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு ஜெர்மன் வார்த்தைகள் போட்டு, தன் வழக்கப்படி அங்கங்கே மெருகேற்றி எழுதியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் முன்னோரிடம் வாங்கியவர், கடைசியில் தன் மகன் வயதுக்காரனிடமும் கூச்சமில்லாமல் வாங்குகிறார். அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஜன்னல் வழியாக எதிர் வீட்டு மேப்பிள் மரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு திறந்த கை. வெற்றிலையை மடித்துக் கடைசியாக மேலே குத்துவோமே, கிராம்பு, அந்தப் பெயரை அந்தப் பையனுக்கு வைத்திருக்கிறேன். உனக்குச் சம்மதமா?

இப்போது நான் கேட்க நினைத்ததைக் கேட்கிறேன், லேப்காரியாகவே கேட்கிறேன். வெற்றிலை பச்சை. சுண்ணாம்பு வெள்ளை. பாக்கு பழுப்பு. மூன்றையும் வாயில் போட்டு மென்றால் நாக்கு சிவக்கிறதே, அந்தச் சிவப்பு எதில் இருந்தது? சின்ன வயதில் கல்யாண வீட்டில் நாக்கை நீட்டி நீட்டிக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு இது தோன்றவில்லை. பிறகு கெமிஸ்ட்ரி படித்தேன், பாக்கில் இருக்கிற ஒன்று சுண்ணாம்பின் காரத்தில் நிறம் மாறுகிறது என்று காரணம் சொல்லத் தெரிந்துகொண்டேன். காரணம் தெரிந்த பிறகும் ஆச்சரியம் குறையவில்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் அந்த நிறம் இல்லை. மெல்லுகிற வாய் ஒன்று வேண்டும். உன் பாக்குத் தாத்தாவின் இசையைப் பிரித்துப் போட்டால் வெற்றிலை கிடைக்கும், சுண்ணாம்பு கிடைக்கும், அவருக்கு முந்தின பிரெஞ்சுக்காரரும் பழைய ரோமாபுரிக்காரரும் கிடைப்பார்கள் என்று நீதான் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். அப்படியெல்லாம் பிரித்த பிறகும் அவர் மிச்சம் இருக்கிறாரே என்று நீயே வியந்தும் இருக்கிறாய். ஊருக்கெல்லாம் சொன்ன நியாயம் உனக்கு மட்டும் ஏன் இல்லை என்கிறாய்?

இரு, இன்னும் கோபித்துக்கொள்ளாதே. அம்மாக்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நீ நினைப்பாய். எங்களுக்கு நீ மூக்கைச் சிந்தினாலும் சங்கீதம்தான் என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னவன் நீ. அதனால் நான் உன் பேராசிரியர் கட்சியில் உட்கார்ந்தும் கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, கண்ணு. உன் படைப்பின் தொடக்கம் வெற்றிலைதான். அந்தத் தடதடவென்ற ஓட்டமும் திடீரென்று நின்று மூச்சு வாங்குவதும் அவருடையது, எனக்கே தெரிகிறது. நடுவில் வருவது சுண்ணாம்பு, சந்தேகமே இல்லை, ஒரு இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே தடவிவிட்டாய். அதற்கு அடுத்த பாகத்தில் பாக்குத் தாத்தா வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகவே மாட்டேன் என்கிறார். பேராசிரியர் படித்தவர், அவருக்குச் சட்டென்று எல்லாம் தெரிந்திருக்கும். அதில் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.

ஆனால் கடைசிப் பாகம் வருகிறதே. கூட்டமெல்லாம் கலைந்து போன மாதிரி ஆகி, உன் இடது கால் ஆர்கனுக்கு அடியில் இருக்கிற மிதிகட்டையில் ஒரே ஒரு சுரத்தை மிதித்துக்கொள்கிறது. மிதித்த காலை நீ எடுக்கவே இல்லை. மேலே கைகள் என்னென்னவோ செய்கின்றன, அதோடு சண்டை போடுகின்றன, அதை விட்டு ஓடிப் பார்க்கின்றன, திரும்பி வருகின்றன. அது மட்டும் 'ம்ம்ம்' என்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. முதல் தடவை காரில் கேட்டபோது ஏதோ தெரிந்த ஆளைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது, யார் என்று பிடிபடவில்லை. ரூட் ஒன்றில் ஒரு சிக்னலில் நிற்கும்போது பிடிபட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடிக்கும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.

எனக்கு என் காதுமேல் நம்பிக்கை இல்லை, உனக்குத் தெரியும். சோதிக்காமல் எதையும் எழுதாதே என்று கற்றுக்கொடுத்த வேலையில் இருந்தவள். நேற்று மத்தியானம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன். ஆர்கன் மேலிருந்த பழைய சூட்கேஸ்களையும் அவருடைய பெயின்ட் டப்பாக்களையும் இறக்கி வைத்தோம். ஓடுமா என்றே சந்தேகமாக இருந்தது. சுவிட்சைப் போட்டேன். உள்ளே விசிறி இருமியது, காற்று நிரம்பியது, யாரும் தொடாமலே அந்தச் சுரம் கிளம்பியது. மாலதி ஆன்ட்டிக்கு ஒத்துவராத அதே சுருதி. நான் போனில் உன் கடைசிப் பாகத்தைப் போட்டு, ஸ்பீக்கரை ஆர்கன் மேல் வைத்தேன்.

ரெண்டும் ஒன்றுதான், கவின். டெக்சாஸில் நீ காலால் மிதித்த சுரமும் நம் கராஜில் யாரும் தொடாத சுரமும். நம்முடையது பழசு, ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது. அதனால் இரண்டும் சேர்ந்தபோது 'வூம், வூம்' என்று மெதுவாக ஓர் அலை எழுந்தது, அப்புறம் எது உன்னுடையது எது எங்களுடையது என்று பிரிக்க முடியவில்லை. அப்பா பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார். "அடேய், இது நம்ம சுருதிடா" என்று உன்னிடம் சொல்கிற மாதிரி போனைப் பார்த்துச் சொன்னார். எங்கள் சொந்த ஊர் கோபியிலிருந்து கிளம்பி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது குறைவு. நேற்று பார்த்தேன். நீ தெரிந்து அந்தச் சுரத்தில் கால் வைத்தாயா, தெரியாமலே உன் கால் அங்கே போனதா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் போயிருந்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பேராசிரியர் உன் படைப்பில் மற்றவர்களை எல்லாம் அடையாளம் கண்டார். இதை அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் அவர் நம் கராஜுக்கு வந்ததில்லை. அது வெற்றிலையிடம் இல்லை, சுண்ணாம்பிடம் இல்லை, பாக்குத் தாத்தாவிடம் இல்லவே இல்லை. நாங்கள் காரைப் பனியில் நிறுத்த, ஜாக்கெட் போடாத ஒரு ஒன்பது வயதுப் பையன் கராஜில் உட்கார்ந்து, கெட்டுப்போன ஒரு சுரத்தோடு வாழக் கற்றுக்கொண்டதால் வந்தது. உன் அப்பா ஆர்மோனியத்துக்கும் ஆர்கனுக்கும் வித்தியாசம் தெரியாதவராக இருந்ததால் வந்தது. இது டெரிவேட்டிவ் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டெரிவேட்டிவ்தான். எதிலிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எங்கள் இரண்டு பேரையும் கை காட்டு. எங்கள் லேபில் அதற்கு என்ன பெயர் என்றுதான் முன்னாலேயே எழுதிவிட்டேனே.

நீ சர்ச்சில் வேலைக்குச் சேர்ந்தபோது கோயிலில் மாலதி ஆன்ட்டி, "கவின் கன்வெர்ட் ஆயிட்டானாமே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அப்பா சத்தமாகவே, "ஆமாங்க, கோடிங்ல இருந்து ஆர்கனுக்கு" என்றார். அந்த மனிதர் அதற்கப்புறம் ஒரு நாளும் உன்னிடம், ஏன்டா பே ஏரியா கம்ப்யூட்டர் வேலையை விட்டாய் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நாக்கு நுனி வரைக்கும் வந்த நாட்கள் உண்டு. இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை உன்னுடையதை வாசி. பாக்குத் தாத்தாவினுடையதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாசிப்பார்கள். இதை நீ வாசிக்காவிட்டால் வாசிக்க ஆள் இல்லை. வாசித்து, அந்தப் பேராசிரியர் மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னால், தேங்க் யூ சொல்லிவிட்டு வா.

எங்கள் இருவருக்கும் சனிக்கிழமை டல்லாஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று. நீ எதை வாசித்தாலும் வந்து உட்காருவோம். அப்பா வேட்டிதான் கட்டுவேன் என்கிறார், தேவாலயத்தில் ஏசி அதிகமாக இருக்குமா என்று கேட்டுச் சொல்.

இன்னும் ஒன்று. நேற்று உன் ஒலிப்பதிவு முடிந்ததும் உன்னுடைய சுரம் நின்றுவிட்டது. நம்முடையது நிற்கவில்லை. அப்பா சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்த நிமிடமும் அது கராஜில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது, சமையலறை வரைக்கும் கேட்கிறது. நீ கூப்பிட்டு, வாசிக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் அணைப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒருமுறை வந்து என்ன சத்தம் என்று விசாரித்துவிட்டுப் போனார், என் மகன் என்று சொல்லியிருக்கிறேன். கரன்ட் பில் ஏறுகிறது. சீக்கிரம் கூப்பிடு, சாமி.

அம்மா